டெண்டர் இல்லாமல் ரெயில் சாப்ட்வேர் வாங்கலாமா? 'ஒரே கம்பெனி' விவகாரத்தின் உள்ளே என்ன இருக்கிறது?

காஞ்சீபுரம்:

காஞ்சீபுரத்தில் இருந்து உத்திரமேரூர் போகும் ரோட்டில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய திருமாகறலீஸ்வரர் கோவில் இருக்கும் ஊர். அந்த கோவிலின் தல வரலாற்றில் ஒரு பலா மரம் வருகிறது.

அது அதிசய மரம். தினமும் ஒரே ஒரு பழம் காய்க்கும். அந்த பழத்தை சிதம்பரம் நடராஜருக்கு படைத்து விட்டு, பிரசாதத்தை ராஜாவுக்கு கொண்டு போய் சேர்க்க வேண்டும். ஊர்க்காரர்கள் முறை வைத்து தலையில் சுமந்து நடந்தார்கள். இன்று ஒரு வீடு, நாளை அடுத்த வீடு. மறுக்க முடியாது. அந்த கஷ்டத்தை பார்த்த ஒரு சிறுவன், 'மரம் இருந்தால்தானே இந்த பாடு?' என்று அதை எரித்தே விட்டான் என்று கதை போகிறது.

ஒரே மரம். ஒரே பழம். வேறு வழி இல்லை. சுமப்பவன் ஊர்க்காரன்.

இந்த கதை இன்றைக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? அரசாங்கம் பொருள் வாங்கும் விஷயத்திலும் இதே போல் ஒரு 'பலா மரம்' உண்டு. 'இந்த பொருள் இந்த ஒரு கம்பெனியிடம் மட்டும்தான் கிடைக்கும். அதனால் டெண்டர் விடவில்லை. அவர்களிடமே வாங்கி விட்டோம்' என்பார்கள். ஆபீஸ் பாஷையில் இதற்கு 'சிங்கிள் டெண்டர்', 'நாமினேஷன்' என்று பெயர்.

ரெயில்வே சம்பந்தப்பட்ட கம்ப்யூட்டர் சாப்ட்வேர்களில் இந்த பேச்சு உலகம் முழுக்க அடிக்கடி வருகிறது. அது என்ன சாப்ட்வேர்? ஏன் ஒரே கம்பெனி? சட்டம் என்ன சொல்கிறது? இதில் நமக்கு என்ன நஷ்டம், என்ன லாபம்? ஒவ்வொன்றாக பார்ப்போம்.

ரெயில் ஓடாமலே ரெயில் ஓட்டுவது

'சிமுலேஷன்' என்றால் நிஜம் போலவே நடத்திப் பார்ப்பது. ரெயில்வேயில் இது 2 வகை.

முதல் வகை, டிரைவர் பயிற்சிக்கானது. என்ஜின் கேபின் போலவே ஒரு பெட்டி. முன்னால் பெரிய திரை. அதில் தண்டவாளம், சிக்னல், லெவல் கிராசிங் எல்லாம் ஓடும். திடீரென்று மழை கொட்டும். மாடு குறுக்கே வரும். சிக்னல் சிவப்பாகும். பிரேக்கை எப்போது போட்டார், எத்தனை மீட்டரில் வண்டி நின்றது என்று கம்ப்யூட்டர் கணக்கு எழுதிக்கொண்டே இருக்கும். தப்பு செய்தாலும் ஒரு உயிருக்கும் ஆபத்து இல்லை. விமானிகளுக்கு பயிற்சி கொடுப்பது போலத்தான். சென்னை மெட்ரோ ரெயில் டிரைவர்களும் கோயம்பேடு பணிமனையில் இப்படிப்பட்ட கருவியில் பழகி விட்டுத்தான் நிஜ ரெயிலை தொட்டார்கள்.

இரண்டாவது வகை, பாதைக்கானது. ஒரு வழித்தடத்தின் தண்டவாளம், ஸ்டேஷன், சிக்னல், மேடு பள்ளம், வளைவு, ரெயில்களின் வேகம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி விடுவார்கள். பிறகு, 'காலையில் 6 மணிக்கு இன்னொரு ரெயில் விட்டால் என்ன ஆகும்?' என்று கேட்பார்கள். எந்த ஸ்டேஷனில் எந்த வண்டி காத்து நிற்கும், எத்தனை நிமிடம் லேட் ஆகும் என்று அது சொல்லி விடும்.

நம்ம ஊருக்கு சம்பந்தப்பட்டது இந்த இரண்டாவது வகைதான்.

செங்கல்பட்டு-அரக்கோணம் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாலூர், பழைய சீவரம், வாலாஜாபாத், நத்தப்பேட்டை, காஞ்சீபுரம், திருமால்பூர், தக்கோலம் என்று போகிறது. நெடுங்காலமாக ஒற்றைப் பாதையாகவே ஓடி வந்த லைன் அது. இரட்டைப் பாதை வேண்டும் என்பது பழைய கோரிக்கை. ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக 2 ரெயில் வந்தால், ஒன்று ஸ்டேஷனில் ஒதுங்கி நின்றுதான் ஆக வேண்டும். 'கிராசிங்கில் போட்டுட்டான்யா' என்று நாம் சலித்துக்கொள்வோமே, அதுதான்.

மாகறலில் ரெயில் நிலையம் கிடையாது. பஸ் பிடித்து காஞ்சீபுரம் வந்து ரெயில் ஏறுகிற ஜனம். கூடுதல் ரெயில் விடுங்கள் என்று எந்த ஊர்க்காரர் கேட்டாலும், ரெயில்வேயில் இருந்து வழக்கமாக வரும் பதில் ஒன்று: 'லைனில் இடம் இல்லை.' அந்த இடம் இருக்கிறதா, இல்லையா என்பதை யார் கணக்கு போடுகிறார்கள், எதை வைத்து போடுகிறார்கள் என்பதுதான் விஷயமே.

பென்சில் கணக்கு

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இதற்கு ஒரு கணக்கு உண்டு. 'ஸ்காட் பார்முலா' என்று பெயர். இந்திய ரெயில்வேயில் பல காலமாக புழங்குவது. பள்ளிக்கூட பிள்ளைகளே போட்டு விடலாம்.

ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். பாதையில் ரெயில் கடக்க அதிக நேரம் பிடிக்கும் பகுதி எது என்று பார்க்க வேண்டும். அதை மெதுவான வண்டி கடக்க எத்தனை நிமிடம்? அதோடு சிக்னல், லைன் கிளியர் வேலைக்கு எத்தனை நிமிடம்? இரண்டையும் கூட்டி, 1,440-ஐ அதால் வகுக்க வேண்டும். வருவதில் 70 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மீதி 30 சதவீதம் தாமதம், பழுது, பராமரிப்புக்காக விட்டுக்கொடுப்பது.

உதாரணத்துக்கு, ஒரு பகுதியை கடக்க 16 நிமிடம், சிக்னல் வேலைக்கு 4 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20. 1,440-ஐ 20-ஆல் வகுத்தால் 72. அதில் 70 சதவீதம் 50. அதாவது போக வர சேர்த்து ஒரு நாளைக்கு சுமார் 50 ரெயில் ஓடலாம்.

இப்போது அந்த பகுதியின் நடுவில் ஒரு கிராசிங் ஸ்டேஷன் போடுகிறார்கள் என்று வையுங்கள். 16 நிமிடம் 8 ஆகி விடும். 8-ம் 4-ம் 12. 1,440-ஐ 12-ஆல் வகுத்தால் 120. அதில் 70 சதவீதம் 84. பாதையை இரட்டை ஆக்காமலே 50 ரெயில் 84 ஆகிறது!

இந்த கணக்கு எளிது. ஆனால் இது ஒரு பகுதியை மட்டும்தான் பார்க்கும். நிஜத்தில் எக்ஸ்பிரஸ், லோக்கல், கூட்ஸ் எல்லாம் கலந்து ஓடும். செங்கல்பட்டில் ஒரு வண்டி லேட் ஆனால் அரக்கோணம் வரை அது இழுக்கும். அதை எல்லாம் மொத்தமாக ஓட விட்டுப் பார்க்கத்தான் சாப்ட்வேர் வேண்டும்.

அங்கேதான் 'ஒரே கம்பெனி' பிரச்சினை ஆரம்பிக்கிறது.

ஏன் ஒரே கம்பெனி?

இந்த மாதிரி சாப்ட்வேர் கடையில் தொங்கும் சரக்கு இல்லை. உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான் செய்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்து பல்கலைக்கழக ஆராய்ச்சியில் பிறந்தது 'ஓபன்டிராக்'. ஜெர்மனியில் ஹானோவர் பல்கலைக்கழகத்தில் வேர் விட்டது 'ரெயில்சிஸ்'. அமெரிக்காவில் 'பெர்க்லி சிமுலேஷன்' என்ற கம்பெனி செய்வது 'ரெயில் டிராபிக் கன்ட்ரோலர்'. அமெரிக்க சரக்கு ரெயில் கம்பெனிகள் பெரும்பாலும் இந்த கடைசி சாப்ட்வேரைத்தான் பயன்படுத்துகின்றன.

இப்போது யோசியுங்கள். தண்டவாளம் சரக்கு ரெயில் கம்பெனிக்கு சொந்தம். அந்த கம்பெனி கணக்கு போடுவது ஒரு சாப்ட்வேரில். பயணிகள் ரெயில் விட வேண்டும் என்று கேட்கும் அரசாங்கம் வேறு சாப்ட்வேரில் கணக்கு போட்டுக் கொண்டு போனால், 'இதை நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்' என்று சொல்லி விடலாம். ஆக, அரசாங்கமும் அதே சாப்ட்வேரை வாங்கியாக வேண்டும். போட்டிக்கு ஆள் இல்லை. டெண்டர் விட்டு பிரயோஜனம் இல்லை.

நம்ம நெசவுக்கு வைத்து சொன்னால் சட்டென்று புரியும். ஒருவர் ஒரு கம்பெனியின் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டி வாங்கி தறியில் மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த பெட்டி அந்த கம்பெனி பைலை மட்டும்தான் படிக்கும் என்றால், டிசைன் போடவும் அவர்களிடமே போக வேண்டும். ரிப்பேருக்கும் அவர்கள்தான். பெட்டியை மாற்றினால் இத்தனை வருஷம் போட்ட பார்டர், முந்தானை டிசைன் எல்லாம் வீண். முதல் நாள் விலை குறைவாகத்தான் தெரியும். மாட்டிக்கொண்டது பிறகுதான் தெரியும்.

சாப்ட்வேர் வியாபாரமும் அதேதான். உதாரணத்துக்கு, விலை 1 கோடி ரூபாய், வருடாந்திர பராமரிப்பு 20 லட்சம் ரூபாய் என்றால், 5 வருஷத்தில் பராமரிப்பு மட்டுமே இன்னொரு கோடி ஆகி விடும். முதல் கோடிக்கு டெண்டர் விட்டிருந்தாலும், இரண்டாவது கோடிக்கு டெண்டர் கிடையாது. ஏனென்றால் அந்த பூட்டுக்கு சாவி அவர்களிடம் மட்டும்தான்.

அமெரிக்காவில் நடந்த கதை

இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் இருந்து மொபைல் என்ற ஊருக்கு கடலோரமாக ரெயில் பாதை இருக்கிறது. 2005-ம் ஆண்டு வந்த கத்ரீனா புயலில் அந்த வழியே போன பயணிகள் ரெயில் நின்று போனது.

மீண்டும் ரெயில் விட அரசு ஆதரவு பெற்ற 'ஆம்டிராக்' நிறுவனம் முயன்றது. தினமும் 2 முறை போய் வர வேண்டும் என்பது திட்டம். தண்டவாளத்துக்கு சொந்தக்காரர்களான 2 சரக்கு ரெயில் கம்பெனிகள், 'விடலாம், ஆனால் பாதையை மேம்படுத்த சுமார் 44 கோடி டாலர் செலவு செய்ய வேண்டும்' என்றன. இதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டியது அந்த சாப்ட்வேர் கணக்கைத்தான்.

2021-ம் ஆண்டு ஆம்டிராக் அங்குள்ள ரெயில் போக்குவரத்து வாரியத்திடம் வழக்கு கொண்டு போனது. 2022-ல் நாள் கணக்கில் விசாரணை நடந்தது. அங்கே நடந்த சண்டை, சாப்ட்வேர் நல்லதா கெட்டதா என்பது பற்றி மட்டும் அல்ல. அதற்குள் என்ன எண்களை போட்டீர்கள் என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. எத்தனை சரக்கு ரெயில் ஓடும் என்று வைத்துக்கொண்டீர்கள்? பாலம் எத்தனை முறை திறக்கும் என்று எழுதினீர்கள்?

அரிசி நல்லதாக இருந்தாலும் அளக்கும் படி சரியாக இருக்க வேண்டும் இல்லையா? அதே கதைதான்.

கடைசியில் 2022-ம் ஆண்டு நவம்பரில் சமரசம் ஆனது. 2023-ல் பாதை மேம்பாட்டுக்கு அமெரிக்க அரசு சுமார் 17.8 கோடி டாலர் மானியம் அறிவித்தது. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந்தேதி ரெயில் ஓட ஆரம்பித்தது. புயலில் நின்ற ரெயில் திரும்ப வர 20 வருஷம்!

ஒரு கம்ப்யூட்டர் கணக்கு ஒரு ஊருக்கு ரெயில் வருவதையே தள்ளிப் போடும் அளவுக்கு பலம் உள்ளது என்பதற்கு இந்த சம்பவம் சாட்சி.

நம்ம சட்டம் என்ன சொல்கிறது?

'டெண்டர் இல்லாமல் வாங்கினாலே ஊழல்' என்று டீக்கடையில் பேசுவது உண்டு. அது முழு உண்மை இல்லை. சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி குறுகலானது.

மத்திய அரசின் 'பொது நிதி விதிகள்' 2017-ல் வெளியானது. அதில் 166-வது விதி, ஒரே ஆளிடம் வாங்க 3 காரணங்களை சொல்கிறது.

ஒன்று: அந்த பொருளை குறிப்பிட்ட அந்த நிறுவனம் மட்டும்தான் தயாரிக்கிறது என்று வாங்கும் துறைக்கு தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு: அவசரம். ஆனால் என்ன அவசரம் என்று எழுதி வைத்து, மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்.

மூன்று: ஏற்கனவே இருக்கும் எந்திரத்தோடு பொருந்தி வர வேண்டும் என்பதால் அதே கம்பெனியிடம் வாங்குவது. இதற்கு விஷயம் தெரிந்த தொழில்நுட்ப நிபுணரின் ஆலோசனையும், மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும்.

வாங்கும் அதிகாரி ஒரு சான்றிதழும் எழுத வேண்டும். 'இந்த பொருளை தயாரிப்பது இன்ன கம்பெனி. வேறு எந்த கம்பெனி பொருளும் ஏற்றது இல்லை, காரணம் இது' என்று விளக்கி, நிதிப்பிரிவின் சம்மதத்தையும் மேலதிகாரி ஒப்புதலையும் காட்ட வேண்டும். ஆபீஸ்களில் இதை சுருக்கமாக 'பி.ஏ.சி.' என்பார்கள். ரெயில்வேயின் கொள்முதல் விதிகளிலும் இந்த முறை உண்டு. 2016-ல் தொடங்கிய 'ஜெம்' என்ற அரசு ஆன்லைன் சந்தையிலும் பி.ஏ.சி. போட்டு வாங்க வழி இருக்கிறது.

தமிழக அரசு அலுவலகம் என்றால் 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை சட்டம் பொருந்தும். அதன் 16-வது பிரிவில் விதிவிலக்குகள் இருக்கின்றன. ஒரே இடத்தில்தான் பொருள் கிடைக்கிறது என்று ஒரு அதிகாரி தானாக சொல்லி விட முடியாது. 3 நிபுணர்கள் கொண்ட குழு ஆராய்ந்து சொல்ல வேண்டும். அதில் ஒருவர் கல்வி அல்லது ஆராய்ச்சி நிறுவனத்தை சேர்ந்தவராக இருக்க வேண்டும்.

சுப்ரீம் கோர்ட்டும் 2006-ம் ஆண்டு டிசம்பரில் மீரட் மாநகராட்சி வழக்கில், டெண்டர் இல்லாமல் ஒப்பந்தம் கொடுப்பது அரிதான, விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாக சொன்னது. அந்த தீர்ப்பை சுட்டிக்காட்டி 2007-ம் ஆண்டு ஜூலையில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் எல்லா துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது.

ஆக, சட்டம் கதவை பூட்டவில்லை. சின்ன ஜன்னல் ஒன்றை வைத்திருக்கிறது. பிரச்சினை, அந்த ஜன்னல் வழியாக யானை போகிறதா என்பதுதான்.

யானை எப்படி போகும்?

ஒரு பழைய தந்திரம் உண்டு. டெண்டர் விடுவார்கள். ஆனால் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒரே கம்பெனிக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி எழுதி விடுவார்கள். மாப்பிள்ளைக்கு அளவெடுத்து தைத்த சட்டை மாதிரி. ஊரில் உள்ள மற்றவர்கள் போட்டுப் பார்த்தால் பத்தாது. 'பாருங்கள், ஒருவர்தான் வந்தார்' என்று கடைசியில் அவருக்கே கொடுத்து விடலாம்.

இன்னொன்று, 'ஏற்கனவே இதைத்தான் வைத்திருக்கிறோம்' என்ற காரணம். முதல் முறை யோசிக்காமல் வாங்கியதையே, அடுத்த 10 வருஷத்துக்கு டெண்டர் விடாமல் இருக்க சாக்காக சொல்வது.

மூன்றாவது, 'அவசரம்'. ஒரு வருஷமாக கோப்பை மேஜையில் வைத்து விட்டு, மார்ச் மாதம் பணம் காலாவதி ஆகும் நேரத்தில் அவசரம் என்பது.

அதே சமயம் நியாயமான சந்தர்ப்பங்களும் உண்டு. என்ஜினை செய்த கம்பெனிக்குத்தான் அதன் பிரேக் எப்படி பிடிக்கும், மோட்டார் எப்படி இழுக்கும் என்ற முழு விவரம் தெரியும். டிரைவர் பயிற்சி கருவியில் அந்த விவரம் தப்பாக இருந்தால், டிரைவர் தப்பாக பழகுவார். நிஜத்தில் 500 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி, பயிற்சி கருவியில் 400 மீட்டரில் நின்றால் அது பயிற்சி இல்லை, ஆபத்து. அங்கே பத்து, இருபது லட்சம் மிச்சம் பிடிப்பதை விட சரியான பொருள்தான் முக்கியம்.

எனவே 'டெண்டர் விட்டாயா?' என்ற ஒரே கேள்வி போதாது. 'ஏன் விடவில்லை என்று எழுதி வைத்தாயா? அதை யார் சரிபார்த்தார்கள்? விலை நியாயமா என்று எதோடு ஒப்பிட்டாய்?' என்பதுதான் சரியான கேள்வி.

இந்த விஷயத்தில் காஞ்சீபுரத்துக்காரர்களுக்கு அனுபவம் உண்டு. 1971-ல் இங்கு தொடங்கப்பட்ட தமிழ்நாடு சரிகை நிறுவனம், பட்டு கூட்டுறவு சங்கங்களுக்கு சரிகை கொடுக்கும் அரசு நிறுவனம். ஒரே இடத்தில் வாங்கினாலும் சரிகையில் தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று எந்திரத்தில் வைத்து சோதிக்க முடியும். சோதனை இருக்கும் வரை ஒரே இடம் என்பது பயம் இல்லை. சோதிக்க முடியாத ஒரே இடம்தான் பயம்.

சாப்ட்வேரில் அந்த சோதனை என்ன? அதன் உள்ளே இருக்கும் 'சோர்ஸ் கோடு'. சமையல் குறிப்பு மாதிரி. கம்பெனி அதை ரகசியமாக பூட்டி வைத்தால், வரும் விடை சரியா என்று வெளியே இருப்பவர் பார்க்க முடியாது.

இந்தியா தப்பித்த வழிகள்

நல்ல சேதியும் இருக்கிறது. ஒரே கம்பெனி வலையில் விழாமல் இருக்க இந்திய ரெயில்வே சில இடங்களில் நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறது.

முதல் வழி, வரைமுறையை தானே எழுதி பல கம்பெனிகளை செய்ய சொல்வது. ரெயில்கள் மோதாமல் தடுக்கும் 'கவச்' கருவி இதற்கு உதாரணம். 2012-ல் வேலை தொடங்கியது. 2016 பிப்ரவரியில் பயணிகள் ரெயிலில் முதல் சோதனை நடந்தது. லக்னோவில் உள்ள ரெயில்வே ஆராய்ச்சி அமைப்பு வரைமுறையை எழுதியது. 2018-19-ல் ஒன்றுக்கு மூன்றாக கம்பெனிகளுக்கு அனுமதி கிடைத்தது. 2020 ஜூலையில் தேசிய பாதுகாப்பு அமைப்பாக அறிவிக்கப்பட்டது. ஒரு கம்பெனியின் கருவி என்ஜினிலும், இன்னொரு கம்பெனியின் கருவி ஸ்டேஷனிலும் இருந்தாலும் இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதில் உள்ள சூட்சுமம். அப்போதுதான் போட்டி இருக்கும். விலை கட்டுக்குள் நிற்கும்.

இரண்டாவது வழி, சொந்த வீட்டிலேயே சமைப்பது. 1986-ல் ரெயில்வே தனக்கென்று 'கிரிஸ்' என்ற கம்ப்யூட்டர் அமைப்பை தொடங்கியது. டிக்கெட் முன்பதிவு முதல் பல வேலைகளை அதுதான் பார்க்கிறது. 2020-ல் ரெயில் கால அட்டவணையை அடியோடு புதிதாக போட முயன்றபோது மும்பை ஐ.ஐ.டி. நிபுணர்கள் ரெயில்வேயோடு சேர்ந்து வேலை செய்தார்கள். அந்த ஐ.ஐ.டி. பல வருஷமாக ரெயில் பாதை சிமுலேஷன் சாப்ட்வேரை உருவாக்கி வருகிறது. இதுவும் டெண்டர் இல்லாத வழிதான். ஆனால் அறிவு இங்கேயே தங்கும். அடுத்த தலைமுறை மாணவன் அதை திறந்து பார்த்து திருத்தலாம்.

மூன்றாவது வழி, திறந்த சாப்ட்வேர். பிரான்ஸ் நாட்டு ரெயில் பாதை நிறுவனம், பாதை சிமுலேஷன் சாப்ட்வேர் ஒன்றை யாரும் எடுத்து பயன்படுத்தும்படி திறந்து வைத்திருக்கிறது. மத்திய அரசும் 2015-லேயே திறந்த சாப்ட்வேருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கொள்கை அறிவித்தது.

இலவசம் என்றால் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். அதை ஓட்ட ஆள் வேண்டும், பழக்க வேண்டும், நம்ம பாதை விவரத்தை ஏற்ற வேண்டும். ஆனால் பூட்டு கிடையாது. ஒரு கம்பெனி கையை விரித்தால் இன்னொருவரை கூப்பிடலாம்.

வேறு வழியே இல்லாமல் ஒரே கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும் என்றாலும், ஒப்பந்தத்தில் 3 விஷயம் எழுதிக்கொள்ளலாம். நாம் ஏற்றிய பாதை விவரம் நமக்கே சொந்தம். அதை வேறு சாப்ட்வேருக்கு மாற்றும்படி எடுத்துக் கொடுக்க வேண்டும். கம்பெனி மூடினால், நடுவர் ஒருவரிடம் வைத்திருக்கும் சோர்ஸ் கோடு நம்ம கைக்கு வர வேண்டும். கையெழுத்து போடும் முன்பு கேட்டால் கிடைக்கும். போட்ட பிறகு கேட்டால் கிடைக்காது.

நாம் என்ன செய்யலாம்?

'இதெல்லாம் பெரிய இடத்து சமாச்சாரம், நமக்கென்ன?' என்று இருந்து விட வேண்டாம். 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமை சட்டம் சாதாரண மனிதன் கையில் இருக்கும் சாவி. மத்திய அரசு துறைக்கு 10 ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்கு கீழே உள்ளவர்களுக்கு கட்டணமே இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

* எந்த விதியின் கீழ் டெண்டர் இல்லாமல் வாங்கப்பட்டது?

* பி.ஏ.சி. சான்றிதழின் நகல் கிடைக்குமா? 'வேறு கம்பெனி பொருள் ஏற்றது இல்லை' என்பதற்கு என்ன காரணம் எழுதப்பட்டது?

* வாங்கிய விலை என்ன? வருடாந்திர பராமரிப்புக்கு எவ்வளவு?

* எந்த பாதைக்கு அந்த சாப்ட்வேர் பயன்படுத்தப்பட்டது? முடிவு என்ன?

கடைசி கேள்விதான் நமக்கு ரொம்ப முக்கியம். 'வியாபார ரகசியம்' என்று சொல்லி சில விவரங்களை மறுக்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் பொதுநலன் பெரிது என்றால் அதையும் தர வேண்டும் என்றும் அதிலேயே எழுதி இருக்கிறது. பதில் வரவில்லையா? மேல்முறையீடு செய்யலாம்.

விண்ணப்பம் எழுதும்போது சுற்றி வளைக்காமல், ஒரு கேள்விக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். 'ஏன் இப்படி செய்தீர்கள்?' என்று சண்டை பிடித்தால், 'கருத்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை' என்று திருப்பி அனுப்பி விடுவார்கள். 'நகல் தாருங்கள்' என்று கேளுங்கள். காகிதம் பேசும்.

அதே பலா மரம்

மீண்டும் மாகறலுக்கு வருவோம். அந்த சிறுவன் மரத்தை எரித்தான். அத்தோடு சுமை தீர்ந்தது, பழமும் போனது. கோபத்தில் எடுத்த முடிவு அப்படித்தான் முடியும். ராஜாவும் சும்மா விடவில்லை. சிறுவனை ஊரை விட்டு வெளியேற்றினான் என்கிறது கதை.

ஒரே கம்பெனியிடம் வாங்குவதை எல்லாம் ஒழித்துக்கட்டு என்பதும் மரத்தை எரிப்பது போலத்தான். டிரைவருக்கு பயிற்சி நின்று விடும். பாதை கணக்கு நின்று விடும். நஷ்டம் நமக்கே.

மரம் இருக்கட்டும். பக்கத்தில் இன்னும் 2 கன்று நட வேண்டும். பழத்தை யார் சுமக்கிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கு ஊருக்கு தெரிய வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

அடுத்த முறை காஞ்சீபுரம் ஸ்டேஷனில் வண்டி கிராசிங்குக்காக நிற்கும்போது, 'லைனில் இடம் இல்லை' என்ற பதில் ஞாபகத்துக்கு வந்தால், ஒரு தாளை எடுங்கள். 1,440 என்று மேலே எழுதி கணக்கை போட்டுப் பாருங்கள். அப்புறம் 10 ரூபாய் கட்டி, அவர்கள் போட்ட கணக்கையும் கேளுங்கள்.